ஹவானாவின் மேட்டுப்பாத்திகள்

எங்கள் மொட்டை மாடியில் நான்கடிக்கு இரண்டடி அளவில் மூன்று மேட்டுப்பாத்திகள் இருக்கின்றன. பாத்தி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கனமான பச்சை பாலித்தீன் பை, அதைச் சுற்றி பி.வி.சி. குழாயில் ஒரு சட்டம், உள்ளே தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும் கொஞ்சம் செம்மண்ணும். 2020 ஊரடங்கில் எல்லோரும் ஏதோ ஒன்றைத் தொடங்கினார்கள், நான் இதைத் தொடங்கினேன். தொழில் வியாதி, முதல் வருடச் செலவு முழுவதையும் எக்ஸெல்லில் எழுதி வைத்தேன். தக்காளி கிலோ 340 ரூபாய் விழுந்தது. அந்தத் தாளை இன்று வரை மனைவியிடம் காட்டவில்லை.

அம்மா ஊரிலிருந்து வந்தபோது பாத்திகளைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "ஏன்டா, இதுல தண்ணி எப்படி நிக்கும்? நம்ம பக்கம் பாத்திய பள்ளமால்ல கட்டுவாங்க" என்றாள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. அவள் சொன்னது சரிதான். மழை குறைந்த ஊரில் பாத்தி தாழ்ந்து இருக்கும், வரப்புதான் உயர்ந்து நிற்கும். கிணற்றிலிருந்து வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர் ஒவ்வொரு பாத்தியிலும் கொஞ்ச நேரம் தங்க வேண்டும். அங்கே மேட்டுப்பாத்தி என்பது நாற்றுவிட மட்டும். தண்ணீர் மிஞ்சுகிற இடத்தில் கதை தலைகீழ். தஞ்சைப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் ஆழமாக வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணை நடுவே மேடாக்குவார்கள். மெக்சிகோவில் ஏரிச் சேற்றை அள்ளி ஏரிக்குள்ளேயே தீவுத் தீவாகப் பாத்தி கட்டினார்கள், சினாம்பா என்று பெயர். ஒரு ஊரின் பாத்தியைப் பார்த்தாலே அங்கே தண்ணீர் பற்றாக்குறையா மிச்சமா என்று சொல்லிவிடலாம்.

மேட்டுப்பாத்திக்கு மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. மண்ணே இல்லாத இடம். என் மாடி அந்த வகை. ஒரு நகரமே அந்த வகையில் சேர்ந்தது 1990களில், கியூபாவில்.

ஆபீஸில் என் சீனியர் ஒருவர் நான் மாடித்தோட்டம் போட்டிருப்பதைக் கேட்டதும், "கியூபாவே இப்படித்தான்ப்பா சாப்பிடுது, தெரியும்ல? பெட்ரோல் இல்ல, உரம் இல்ல, சிட்டிக்குள்ளயே வெளைய வெச்சு மொத்த ஜனமும் பொழச்சுது" என்றார். 2006ல் வந்த ஓர் ஆவணப்படத்தைப் பார்த்திருந்தார். நானும் பார்த்தேன். உருகிப்போனேன் என்றே சொல்ல வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் இதையே மேற்கோள் காட்டி ஐந்து நிமிடம் பேசி, மாடியில் பாத்தி வைக்க அனுமதியும் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் நிதானமாகப் படிக்க ஆரம்பித்தேன். நான் சொன்னதில் பாதி தவறு. மிச்சப் பாதி நான் நினைத்ததைவிடச் சுவாரசியமானது.

*

1989 வரை கியூபாவின் வெளி வர்த்தகத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் சோவியத் கூட்டணி நாடுகளோடுதான். கியூபா சர்க்கரை கொடுக்கும். சந்தை விலையைவிட நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டு, பதிலுக்கு எண்ணெய், உரம், டிராக்டர், கோதுமை, மாட்டுத் தீவனம் எல்லாம் கொடுப்பார்கள். லத்தீன் அமெரிக்காவிலேயே அதிகமாக டிராக்டரும் உரமும் பயன்படுத்திய நாடுகளில் கியூபாவும் ஒன்று. ஒற்றைப் பயிர், பெரிய அரசுப் பண்ணைகள். நம்மூர் பசுமைப் புரட்சியை ஒரு தீவின் மேல் முழுசாகக் கவிழ்த்தது மாதிரி. சாஃப்ட்வேரில் 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெய்லியர்' என்று சொல்வோம். ஒரே ஒரு கண்ணி, அது போனால் எல்லாம் போகும். அந்தக் கண்ணி 1991 டிசம்பரில் உலக வரைபடத்திலிருந்தே போயிற்று.

அமெரிக்கா முழுமையாக முற்றுகையிட்டால் எப்படிச் சமாளிப்பது என்று கியூப ராணுவம் முன்பே ஒரு திட்டம் வைத்திருந்தது. போர்க்காலத்துக்கான சிறப்புக் காலம் என்று அதற்குப் பெயர். போர் வரவில்லை, முற்றுகை மாதிரியான நிலைமை மட்டும் வந்தது. ஆகவே பெயரில் ஒரு சொல்லை மாற்றி 'சமாதான காலத்தின் சிறப்புக் காலம்' என்று 1990ல் அறிவித்தார் ஃபிடல் காஸ்த்ரோ. எண்ணெய் இறக்குமதி பாதியானது. 1993க்குள் நாட்டின் மொத்த உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. ஒரு நாளுக்குச் சுமார் 2,900 கலோரி சாப்பிட்டுக்கொண்டிருந்த மக்கள் 1,900க்கும் கீழே வந்தார்கள். 1992ல் அமெரிக்கா தன் பொருளாதாரத் தடையை இன்னும் இறுக்கியது.

பட்டினி என்பது எண்ணாக இருக்கும்போது நமக்கு உறைப்பதில்லை. ஹவானாவில் குளியல் தொட்டிக்குள் பன்றி வளர்த்தார்கள். பம்பளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த பிள்ளையான கிரேப்ஃப்ரூட்டின் தடித்த தோலை மாவில் புரட்டிப் பொரித்து அதற்கு 'ஸ்டேக்' என்று பெயர் வைத்தார்கள். பேருந்து ஓடவில்லை, சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் சைக்கிள்கள் வந்து இறங்கின. அரைவயிற்றோடு தினமும் பதினைந்து கிலோமீட்டர் மிதித்து வேலைக்குப் போவதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

பிறகு கண் போனது. 1991 கடைசியில் மேற்குக் கோடியில் உள்ள புகையிலை மாகாணமான பினார் தெல் ரியோவில் ஆரம்பித்தது. பார்வை மங்கும், நிறம் பிரித்தறிய முடியாமல் போகும். சிலருக்குக் கால் மரத்துப்போய் நடக்க முடியாது. 1993க்குள் 50,000க்கும் மேற்பட்டோர். முதலில் வைரஸ் என்று சந்தேகித்தார்கள். கடைசியில் தெரிந்தது, சத்துக் குறைவு, முக்கியமாக பி குழு வைட்டமின்கள். அதோடு புகையிலையும் மதுவும் சேர்ந்துகொண்ட இடத்தில் நரம்பு பட்டுப்போயிற்று.

இதே வருடங்களில் யாழ்ப்பாணத்திலும் சைக்கிள்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. 1990 முதல் யாழ் குடாநாட்டுக்குள் எரிபொருள், பேட்டரி, சோப்பு என நீண்ட தடைப்பட்டியல் ஒன்று இருந்தது. யூரியா வெடிமருந்தாகிவிடும் என்று உரமும் அதில் சேர்ந்தது. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்துப் படித்த ஒரு தலைமுறை இன்று ஐம்பதை ஒட்டிய வயதில் இருக்கிறது. அவர்களிடம் 'சிறப்புக் காலம்' என்ற சொல்லைச் சொன்னால் விளக்கம் எதுவும் தேவைப்படாது. இரண்டு தீவுகள், சம்பந்தமே இல்லாத இரண்டு அரசியல்கள், ஆனால் வீட்டுக்குள் நடந்தது ஏறக்குறைய ஒன்றுதான்.

*

சரி, பாத்திக்கு வருவோம்.

கியூபாவின் மேட்டுப்பாத்தித் தோட்டத்துக்கு ஓர்கானோபோனிகோ என்று பெயர். இந்தச் சொல்லே ஒரு சின்ன வரலாறு. ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண் இல்லாமல் உப்புக் கரைசலில் செடி வளர்ப்பது, கியூபாவில் முன்பே இருந்தது. நீளநீளமான சிமென்ட் தொட்டிகள், உள்ளே சரளைக்கல், அதற்கு மேல் இறக்குமதி செய்த ரசாயனக் கரைசல். கரைசல் வருவது நின்றபோது தொட்டிகள் சும்மா கிடந்தன. அதில் மக்கிய உரத்தையும் மண்ணையும் கொட்டினார்கள். 'ஹைட்ரோ' போய் 'ஓர்கானோ' வந்தது, 'போனிக்' மட்டும் மிஞ்சியது. பழைய மென்பொருளில் உள்ளே எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் பழைய பெயரே ஒட்டிக்கொண்டிருக்குமே, அது மாதிரி.

அதிகாரபூர்வமான வரலாறு இதை 1987 டிசம்பரிலிருந்து எண்ணுகிறது. ராணுவத்தின் ஒரு தொழில் வளாகத்தில் ஆனா லூயிசா பெரெஸ் என்ற பொறியாளர் இந்த முறையில் காய்கறி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய ராணுவ அமைச்சர் ராவுல் காஸ்த்ரோ அதைப் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்கும் பரப்பச் சொன்னார். அதாவது சோவியத் யூனியன் விழுவதற்கு நான்கு வருடம் முன்பு. பசியில் வாடிய மக்கள் தாங்களாகவே காலி மனைகளில் இறங்கி உருவாக்கியது என்று ஆவணப்படம் சொல்லும் கதையும் பொய்யில்லை, அப்படியும் நிறைய நடந்தது. ஆனால் ஓர்கானோபோனிகோ என்ற குறிப்பிட்ட அமைப்பு ராணுவ வளாகத்திலிருந்து வந்தது. இது தெரிந்தபோது எனக்குச் சின்ன ஏமாற்றம்தான்.

அமைப்பு எளிமையானது. பாத்தியின் அகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இரு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், உள்ளே யாரும் கால் வைக்கக் கூடாது. மிதிபடாத மண்ணில்தான் காற்று இருக்கும், வேர் இறங்கும். நீளம் இருபது முப்பது மீட்டர். பக்கச்சுவர் எது கிடைக்கிறதோ அது. சிமென்ட் பலகை, செங்கல், கூரை ஓடு, கருங்கல், உடைந்த கட்டடத்தின் மிச்சம். உள்ளே பாதிக்குப் பாதி மண்ணும் மக்கிய உரமும். பாத்தியின் முனைகளில் சாமந்தி, மக்காச்சோளம், சோளம். பூச்சி முதலில் அங்கே போகட்டும் என்று. நகரத்துக்குள் ரசாயனப் பூச்சிக்கொல்லிக்கு அனுமதி இல்லாததால் நம் வேப்பமரம் அங்கே போய் 'நிம்' என்ற பெயரில் வேலைக்குச் சேர்ந்தது. இன்னொரு முக்கியமான விஷயம், இதற்கெல்லாம் பின்னால் இருந்த விஞ்ஞானிகள். பூச்சியை உண்ணும் பூச்சிகளையும் பூஞ்சைகளையும் வளர்த்துக் கொடுக்கும் சிறு ஆய்வுக்கூடங்கள் நாடு முழுக்க இருநூறுக்கும் மேல் இருந்தன. அந்த வலைப்பின்னலை நெருக்கடிக்கு முன்பே, 1980களிலேயே கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

நிலத்தின் ஏற்பாடும் அப்படித்தான். காலி மனை அரசாங்கத்துடையது, பயிர் செய்பவருக்கு அனுபவ உரிமை மட்டும், வாடகை இல்லை. 1993ல் பெரிய அரசுப் பண்ணைகளை உடைத்துக் கூட்டுறவுகளாக மாற்றினார்கள். 1994 அக்டோபரில் விவசாயிகள் மிச்சத்தைச் சந்தை விலைக்கு விற்க அனுமதி வந்தது. அந்த ஆகஸ்டில்தான் ஹவானா கடற்கரைச் சாலையில் மக்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம். பாத்தியின் ஓரத்திலேயே ஒரு சின்னக் கடை, காலையில் பறித்தது மதியத்துக்குள் விற்றுவிடும், லாபத்தில் வேலை செய்தவர்களுக்குப் பங்கு. கிழக்கு ஹவானாவின் அலமாரில், 1970களில் கட்டிய ஒரே மாதிரியான அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே 1997ல் தொடங்கிய ஓர்கானோபோனிகோ பின்னாளில் சுமார் பத்து ஹெக்டேருக்கு வளர்ந்தது. நூறு பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள். டாக்டர் சம்பளத்தைவிட முட்டைக்கோஸ்காரரின் சம்பளம் பரவாயில்லை என்ற நிலைமையெல்லாம் அன்று ஹவானாவில் இருந்தது.

*

இப்போது கணக்கு. என் சீனியர் சொன்ன 'மொத்த ஜனமும் பொழச்சுது' என்பதை எடுத்துக்கொள்வோம்.

ஓர்கானோபோனிகோக்களுக்கு அரசு வைத்த இலக்கு ஒரு சதுர மீட்டருக்கு வருடம் 20 கிலோ. நல்ல பாத்திகள் அதை எட்டின. ஒரு மனிதர் தினம் 400 கிராம் காய் கனி சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வருடத்துக்கு 146 கிலோ. ஏழேகால் சதுர மீட்டர் பாத்தி போதும். பிரமாதமான எண். என் மாடியிலேயே நான்கு பேருக்கு இடம் இருக்கிறது.

ஆனால் அந்த 400 கிராமில் கலோரி எவ்வளவு? லெட்டூஸ், முள்ளங்கி, வெள்ளரி, கீரை, பீன்ஸ் எல்லாம் கலந்தால் எண்பதோ நூறோ வரும். கியூபர்கள் இழந்தது ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி. அதை அரிசியால் நிரப்ப வேண்டுமென்றால் வருடத்துக்குத் தலைக்கு நூற்றைந்து கிலோ அரிசி. ஹெக்டேருக்கு இரண்டரை டன் அரிசி கிடைக்கும் என்று வைத்தால் ஒருவருக்கு 420 சதுர மீட்டர் வயல் வேண்டும். இருபது லட்சம் பேர் இருக்கும் ஹவானாவுக்குள் அதற்கு எங்கே போவது?

ஹவானா சாப்பிடும் காய்கறியில் 90 சதவீதம் நகரத்திலும் சுற்றியும் விளைகிறது என்ற எண் ரொம்ப காலமாகச் சுற்றுகிறது. அது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அது காய்கறியைப் பற்றிய எண். வாய்வழியாகப் பரவும்போது 'காய்கறி' உதிர்ந்து 'உணவு' வந்துவிட்டது. அரிசியும் கோதுமையும் பருப்பும் கோழியும் பெருமளவு இறக்குமதியாகவே இருந்தன. 2000ல் அமெரிக்க நாடாளுமன்றம் கையில் காசு கொடுத்தால் உணவு விற்கலாம் என்று சட்டம் இயற்றியது. அடுத்த வருடம் ஒரு பெரும் புயலுக்குப் பிறகு கியூபா வாங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து ஹவானாவின் தட்டில் இருந்த கோழிக்கால் நிறைய அமெரிக்கக் கோழியுடையது. உலகமே வந்து படம் பிடித்த இயற்கை லெட்டூஸ் அந்தக் கோழிக்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

கண்பார்வை விஷயமும் இப்படித்தான். பாத்திகள் வைட்டமின் கொடுத்துக் கொள்ளைநோயை நிறுத்தின என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். தேதிகளைப் பார்த்தால் ஒத்துவரவில்லை. 1993ல் அரசு நாட்டு மக்கள் அனைவருக்கும் வைட்டமின் மாத்திரை கொடுத்தது, வீடு வீடாக. புதிய நோயாளிகள் சரசரவென்று குறைந்தார்கள். ஹவானாவில் நகர விவசாயத்துக்குத் தனித் துறை வந்தது 1994ல். பாத்திகள் ஆயிரக்கணக்கில் பரவியது அதற்குப் பிறகு. அந்தக் கண்களைக் காப்பாற்றியது மாத்திரை. அதைத் தயாரித்து, கடைசி வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த ஒரு பொதுச் சுகாதார அமைப்பு. ஆவணப்படத்தில் மாத்திரை அழகாக இருக்காது என்பது எனக்குப் புரிகிறது.

இதைவிட என்னைக் கோபப்படுத்தியது ஒன்று உண்டு. 2013ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு: நெருக்கடிக் காலத்தில் கியூபர்கள் சராசரியாக ஐந்தரை கிலோ எடை குறைந்தார்கள், பிறகு சர்க்கரை நோய், இதய நோய்ச் சாவுகள் குறைந்தன. ஆய்வில் குறை இல்லை, கவனமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, எளிய வாழ்க்கை எவ்வளவு ஆரோக்கியம்' என்று எழுதியவர்களைத்தான் சொல்கிறேன். அவர்கள் யாரும் கிரேப்ஃப்ரூட் தோலைப் பொரித்துச் சாப்பிட்டவர்களாக எனக்குத் தெரியவில்லை.

*

அந்தப் பாத்திகளுக்குள் இருந்த உரம் எங்கிருந்து வந்தது?

மாட்டுச்சாணம், கோழி எரு, மண்புழு உரம் எல்லாம் உண்டு. ஆனால் பெரிய அளவில் கிடைத்த பொருள்களில் ஒன்று கச்சாஸா. கரும்புச்சாற்றை வடிகட்டும்போது தங்கும் கரிய சேறு. நம்மூர் சர்க்கரை ஆலைகளில் பிரஸ்மட் என்பார்கள், ஆலைப் பக்கத்து விவசாயிகள் டிப்பர் லாரியில் வாங்கிப்போய் வயலில் கொட்டுவார்கள். கியூபாவில் அது மலைமலையாகக் கிடந்தது. எண்பதுகளின் கடைசியில் வருடம் எண்பது லட்சம் டன் வரை சர்க்கரை காய்ச்சிய தீவு அல்லவா.

அதாவது சோவியத் உரத்திலிருந்து விடுபட்ட பாத்தி, சோவியத்துக்காகவே வளர்த்த கரும்பின் கழிவில் நின்றது. எங்கள் தொழிலில் இதை 'டிபென்டென்சி' என்போம். ஒன்றை நீக்கிவிட்டோம் என்று சந்தோஷப்படும்போது, அதற்குக் கீழே இன்னொன்று சத்தமில்லாமல் இருந்திருக்கும். 2002ல் கியூபா தன் 156 சர்க்கரை ஆலைகளில் 71ஐ மூடியது. உலகச் சந்தையில் சர்க்கரை விலை விழுந்திருந்தது, இயந்திரங்கள் துருப்பிடித்திருந்தன. பிறகும் சரிவு நிற்கவில்லை. 2023 அறுவடையில் சுமார் மூன்றரை லட்சம் டன். கரும்பு இல்லையென்றால் கச்சாஸாவும் இல்லை. மிச்சம் இருப்பதை ஆலையிலிருந்து நகரத்துக்குக் கொண்டுவர டீசல் வேண்டும், பாத்திக்குத் தண்ணீர் இறைக்க மின்சாரம் வேண்டும். 2024 அக்டோபரில் தீவு முழுவதற்கும் மின்சாரம் அறுந்தது. அதே வருடத் தொடக்கத்தில் குழந்தைகளுக்குப் பால்பவுடர் கேட்டு உலக உணவுத் திட்டத்துக்கு எழுதியிருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்லி ஓர்கானோபோனிகோவைச் சிறுமைப்படுத்த நான் நினைக்கவில்லை. குப்பைமேடாகக் கிடந்த மனைகளில் காய் விளைந்தது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது, கீரையை மாட்டுத் தீவனம் போலப் பார்த்த ஒரு ஊர் அதைச் சாப்பிடக் கற்றுக்கொண்டது. 1999ல் கியூப இயற்கை வேளாண் குழுவுக்கு 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் பரிசு கிடைத்தது, தகும். ஆனால் கதையைத் தவறாகக் கேட்டால் ஆபத்து இருக்கிறது. 2021 மே மாதம் இலங்கை ஒரே இரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. ஆய்வுக்கூடம் இல்லை, கம்போஸ்ட் இல்லை, நெல்லுக்கு மாற்று இல்லை. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது. 2022 ஜூனில் அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டுத்தோட்டம் போடச் சொன்னார்கள். ஏழேகால் சதுர மீட்டருக்கும் 420 சதுர மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் அந்த வெள்ளிக்கிழமையில் இருந்தது.

போன மாதம் என் பாத்திகளைப் பார்த்தேன். விளிம்பு வரை நிரப்பியிருந்த மண் நான்கு அங்குலம் இறங்கியிருந்தது. மக்கும் பொருள் மக்கிக்கொண்டே இருக்கும், வருடா வருடம் மேலே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆன்லைனில் இரண்டு மூட்டை நார்த்தூள் போட்டேன். பொள்ளாச்சியிலிருந்து லாரியில் வந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை, மூன்று மாடி நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். அம்மா போனில் கேட்டாள், "இன்னுமா அதுக்கு மண்ணு வாங்கிட்டிருக்க?"

கத்தரி நன்றாகத்தான் வந்திருக்கிறது.